கொலையாளியை முன்கூட்டியே கண்டுபிடிச்சிடறாங்க: ஈரோடு மஞ்சள் மண்டி குறும்படத்துக்குப் பதில்

வணக்கமுங்க. உங்க 25 நிமிஷக் கொலைக் கதைப் படத்துல, பாக்கறவங்க பத்தாவது நிமிஷமே "கொலையாளி கணக்குப்பிள்ளைதான்"னு சொல்லிடறாங்கன்னு எழுதியிருக்கீங்க. காரணம், அவருக்குக் கதையில வேற வேலையே இல்லைங்க. சும்மா வந்து போற ஆளை ரசிகர் உடனே சந்தேகப்படுவார். ஏலத்துக்கு மாதிரி எடுத்து வைக்கறது, எடைச்சீட்டு எழுதறதுன்னு அவரில்லாம காட்சி நகராதபடி பண்ணுங்க.

துப்பா வர்ற குடோன் சாவிக்கு குளோசப் வேண்டாம், அதுக்கு மேல திகில் இசை சுத்தமா வேண்டாம். மண்டியில எல்லார் கையிலயும் மஞ்சத்தூள் ஒட்டியிருக்கும். கணக்குப்பிள்ளை கை மட்டும் கழுவினாப்ல இருக்கட்டும். அதையும் ரெண்டு பேர் விலைக்குச் சண்டை போடற வைட் ஷாட்ல (தூரத்துல இருந்து மொத்த இடமும் தெரியற ஷாட்), ஓரமா வைங்க. கடைசியில ரசிகருக்கு ஞாபகம் வரும், ஏமாத்திட்டாங்கன்னு தோணாது.

இன்னொரு வழி, கொலையாளியை ரசிகருக்கு முதல்லயே காட்டிடறது. மேசைக்கடியில குண்டு இருக்கறது ரசிகருக்கு மட்டும் தெரிஞ்சா, 15 விநாடி அதிர்ச்சி 15 நிமிஷப் பதற்றமாகும்னு திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக் சொன்னது இதுதானுங்க. உங்க கதைக்கு இதுவே பொருந்தும்னு படுது.

முதல் வழியிலயே போறதா இருந்தா, கதை தெரியாத அஞ்சு பேருக்குப் போட்டு, பத்தாவது நிமிஷம் நிறுத்தி, கொலையாளி யாரு, ஏன் அப்படி நினைக்கறாங்கன்னு எழுதி வாங்குங்க. அந்த "ஏன்"ல வர்ற ஷாட்டைத்தான் வெட்டணும்.