நோட்டாவுக்குப் போடும் ஓட்டு வீணா?

கேட்டவர் நோட்டாவை அமுக்கிவிட்டு வந்து, அதை வீட்டில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர் என்று நினைக்கிறேன். நீங்களாவது மறைப்புக்குள் நின்று அமுக்கினீர்கள். நான் 49-ஓ என்ற தேர்தல் விதி இருந்த காலத்து ஆள்.

2011 சட்டமன்றத் தேர்தல். மிஷினில் அப்போது நோட்டா பொத்தான் கிடையாது. யாருக்கும் இல்லை என்றால் வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். 17ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, மையும் வைத்துக்கொண்ட பிறகு, "சார், எனக்கு 49-ஓ" என்றேன். மை வைத்த அம்மா பக்கத்தில் இருந்தவரைப் பார்க்க, அவர் தலைமை அலுவலரைப் பார்க்க, அவரோ, "இதுக்கு நீங்க வீட்லயே இருந்திருக்கலாமே சார்" என்றார். நான் விடவில்லை. கையேட்டைப் புரட்டி, என் வரிக்கு எதிரே குறிப்பு எழுதி, இன்னொரு கையெழுத்து வாங்கினார். அதற்குள் ஏஜெண்டுகள் அத்தனை பேரும் என் முகத்தை மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

சாயங்காலம் தெருமுனையில் ஒரு கட்சியின் ஏஜெண்ட் பிடித்துக்கொண்டார். "அண்ணே, உங்க வீட்டு நாலு ஓட்டும் நமக்குன்னு டிக் அடிச்சு வச்சிருந்தேனே!" அவரைச் சமாளித்து நாலடி வைத்தால் எதிர்க்கட்சி ஏஜெண்ட். அவர் பட்டியலிலும் அதே நாலு ஓட்டு. எங்கள் தெருவில் இரண்டு கட்சியும் ஒத்துப்போன ஒரே விஷயம், நான் உருப்பட மாட்டேன் என்பதுதான்.

2013-ல் உச்ச நீதிமன்றம், இப்படி எல்லார் முன்னாலும் சொல்ல வைப்பது ரகசிய வாக்குக்கு விரோதம் என்று சொல்லிப் பொத்தான் வைக்கச் சொன்னது. வீணா என்றால், முடிவை மாற்றாது. நோட்டாவே முதலிடம் வந்தாலும் அடுத்து வந்தவர்தான் எம்எல்ஏ. வேட்பாளர் டெபாசிட்டைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும் ஆறில் ஒரு பங்கு ஓட்டுக் கணக்கிலும் சேராது. ஆனால் 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் போஸ்டர் ஒட்டாமல், கொடி பிடிக்காமல் 2,373 ஓட்டு வாங்கி ஒரு தேசியக் கட்சியை முந்தியது. எந்தக் கட்சி என்று எழுதினால் கமென்டில் வந்துவிடுவீர்கள், வேண்டாம்.

"ஜனநாயகக் கடமை தெரியுமா?" என்று கிளம்புபவர்களுக்கு: நான் எப்போதும் நோட்டா இல்லை. போன முறை ஒருவரை நம்பிப் போட்டேன். தோற்றார். இப்போது, ஜெயித்தவரின் கட்சியில் இருக்கிறார்.

எங்கள் அபார்ட்மெண்ட் சங்கத்தில் இந்த நோட்டாவும் இல்லை. ஏழு வருஷமாக ஒரே செயலாளர், ஒவ்வொரு முறையும் 'ஏகமனதாக'. போன கூட்டத்தில் எழுந்து, "அந்த ஏகமனதில் என் மனசைச் சேர்க்காதீங்க" என்றேன். மறுவாரம் என் வண்டி நிற்கும் இடத்து லைட் மட்டும் எரியவில்லை. பல்ப் சொல்லியிருக்கிறாராம்.