கனெக்‌ஷன்ஸ் மாதிரி 16 சொற்களை நாலு நாலாக நாலு குழுவாகப் பிரிக்கும் தினசரிப் புதிரில் எப்போதும் தோற்கிறேன். இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

கடினத்தில் மூன்றாவதான நீலக் குழு வருவதற்குள் தப்பு செய்ய இருக்கும் நாலு வாய்ப்பும் போய்விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எப்படி ஆடுகிறீர்கள் என்று சொல்லட்டுமா? திறந்ததும் நாலு சொல் ஒரே இனமாகக் கண்ணில் படும், உடனே அழுத்துவீர்கள், இன்னும் ஒரு சொல்தான் தப்பு என்று வரும், ஏதோ ஒன்றை மாற்றி மறுபடி அழுத்துவீர்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் ஆடினேன். இப்போதும் பெரிய ஆள் இல்லை, வாரத்தில் ஒரு நாளாவது தோற்கிறேன். அதனால் 'நீ யார் சொல்ல' என்று வருபவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம்.

என் அக்கா மகள் தினமும் பள்ளிக்குப் போகும் முன் இதை முடித்துவிட்டு எந்தக் குழு எந்த வரிசையில் வந்தது என்று காட்டும் நிறக் கட்டங்களை எனக்கு அனுப்புவாள். அவளுக்கு ஊதாதான் முதல் வரியில் இருக்கும். எனக்கு மஞ்சள் வந்தாலே அன்றைக்கு நல்ல நாள். "மாமா, உங்களுக்கு மஞ்சள் மட்டும்தான் வரும்" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். எளிதான குழுவுக்கு மஞ்சள், பிறகு பச்சை, நீலம், கடைசியாக ஊதா என்பது தெரியாதவர்களுக்கு இதில் எவ்வளவு குத்தல் இருக்கிறது என்று புரியாது. புதிரோ அமெரிக்க ஆங்கிலத்தில், நான் தமிழ் வழியில் படித்தவன். அமெரிக்கக் குழந்தைகள் தின்கிற மிட்டாயின் பெயரெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? (இது சாக்குதான். அவளுக்கும் அந்த மிட்டாய்கள் தெரியாது.)

சரி, தமிழில் வா பார்க்கலாம் என்று நானே ஒரு புதிர் செய்தேன். வரிசையைக் கலைத்துத் தருகிறேன்: திங்கள், வலி, செம்பு, புதன், எழுத்து, மதி, வெள்ளி, ஞாயிறு, முறை, ஈயம், அம்புலி, செவ்வாய், விதி, இரும்பு, பிறை, வியாழன். படிப்பதை நிறுத்திவிட்டு முயன்று பாருங்கள்.

செய்யும்போதுதான் இதன் சூட்சுமம் எனக்கே புரிந்தது. அக்கா மகள் முதலில் அழுத்தியது புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன். கோள்களாம். ஒன்று தப்பு. அப்புறம் கிழமைகள் என்று கண்டுபிடித்து வெள்ளியை விட்டுவிட்டுத் திங்களைச் சேர்த்தாள். அதுவும் ஒன்று தப்பு. கிழமைக்கு ஆறு சொல் இருக்கின்றன, இடம் நாலுக்குத்தான். அந்த ஆறையும் வைத்துக்கொண்டு எத்தனை தடவை மாற்றிப் போட்டாலும் வாய்ப்புதான் தீரும். விடை அந்தப் பக்கமே இல்லை. மதி, பிறை, அம்புலி மூன்றும் நாலாவது ஆள் இல்லாமல் நிற்கின்றன, அங்கே திங்கள் போகவேண்டும். செம்பு, ஈயம், இரும்புக்கு வெள்ளி வேண்டும். இரண்டையும் எடுத்துவிட்டால் கிழமை தானாக நாலாகிவிடும்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நாலு சொல் தெரிந்ததும் கையைக் கட்டிக்கொண்டு ஐந்தாவதைத் தேடுங்கள். ஐந்தாவது இருந்தால் அந்தக் குழுவை அப்படியே விட்டுவிட்டு, மூன்றோடு நிற்கும் குழுவுக்குப் போங்கள். ஊதாவுக்கு வேறு வழி: எதிலும் ஒட்டாத சொற்களைத் தனியாக எடுத்து அர்த்தத்தை மறந்துவிடுங்கள். முன்னால் அல்லது பின்னால் ஒரே சொல்லைப் போட முடியுமா, உள்ளே வேறு சொல் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். வலி, எழுத்து, முறை, விதி நாலுக்கும் முன்னால் 'தலை' போட்டால் முடிந்தது. குருட்டாம்போக்கில் மட்டும் அழுத்தாதீர்கள், கடைசி 8 சொல் மிஞ்சும்போதே அவற்றை இரண்டாகப் பிரிக்க 35 வழி இருக்கிறது.

அவசரமும் வேண்டாம். பிபிசியில் 2008 முதல் வரும் ஒன்லி கனெக்ட் வினாடி வினாவில் இதே 16 சொல் சுவர் உண்டு, அங்கே இரண்டரை நிமிடம்தான் தருவார்கள். 2023-இல் நியூயார்க் டைம்ஸ் கொண்டுவந்த கனெக்‌ஷன்ஸில் கடிகாரமே கிடையாது. மதியம் வரை திறந்து வைத்திருங்கள், யார் கேட்கப்போகிறார்கள்? அகராதியைப் பார்ப்பது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள். சொல்லின் பொருள் தெரிந்துகொள்வது எப்படி ஏமாற்றாகும்? விடையைத் தேடிப் பார்த்தால் அது வேறு.

இந்தப் புதிரைக் குடும்பக் குழுவிலும் போட்டேன். 31 பேர் இருக்கிறார்கள். இரண்டாவது நிமிடம் யாரோ ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் போட, அடுத்து 14 பேர் அதற்குப் பதில் வணக்கம் சொல்ல, புதிர் எங்கேயோ மேலே போய்விட்டது. ஒரு பெரியப்பா மட்டும் கட்டைவிரல் போட்டார், அதுவும் வணக்கத்துக்கா புதிருக்கா தெரியவில்லை. ஒரு மனிதன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து செய்ததற்கு இதுதான் மரியாதை. வதந்தியை அனுப்பினால் மட்டும் அத்தனை பேரும் படிக்கிறார்கள்.

முதலில் இரும்புக்குப் பதில் பித்தளை வைத்திருந்தேன், அது கலப்பு உலோகம் என்று அக்கா பிடித்துவிட்டாள், மாற்றிவிட்டேன். அதனால் பின்னூட்டத்தில் உலோகத்தைப் பற்றிச் சண்டைக்கு வரவேண்டாம். அம்புலியைப் பற்றி வரலாம். "இப்போ யார் மாமா அம்புலின்னு சொல்றாங்க, இது செல்லாது" என்று அக்கா மகள் தன் தோல்வியை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.