‘அருமை’ என்று எழுதிய பட்டியல்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான்கு ஆண்டுகளாகப் படித்த நூல்களைக் குறித்துவருகிறேன். முதலில் நோட்டு, பிறகு ஒரு செயலி, இப்போது எக்செல். மொத்தம் 212 வரிகள். போன வாரம் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தேன். பாதிக்கு மேல் நினைவில் இல்லை. ‘அருமை’, ‘பரவாயில்லை’, ‘மீண்டும் படிக்கவேண்டும்’ என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். எதை ஏன் அப்படி எழுதினேன் என்று தெரியவில்லை. மூன்று கேள்விகள். நோட்டு நல்லதா, செயலி நல்லதா? பாதியில் நிறுத்திய நூலைக் கணக்கில் சேர்க்கலாமா? 24 கதைகள் உள்ள ஒரு தொகுப்பில் 9 கதைகளைத்தான் படித்தேன், அதை எப்படிக் குறிப்பது? இந்த ஆண்டு 100 நூல்கள் என்று இலக்கு வைத்து 61இல் நிற்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள வாசகருக்கு,

வாசிப்புக் குறிப்பேடு என்பது பெரும்பாலும் ஜனவரியில் பிறந்து மார்ச்சில் இறந்துபோகும் உயிரினம். உங்களுடையது நான்கு ஆண்டுகள் பிழைத்திருக்கிறது. அந்தப் பிடிவாதம் உங்களிடம் இருப்பதால்தான் கொஞ்சம் கடுமையாகவே சொல்லப்போகிறேன்.

முதலில் அந்த நூறை விடுங்கள். எண்ணிக்கைக்கு ஓடுகிறவன் நவம்பரில் என்ன செய்வான் தெரியுமா? ஒல்லியான புத்தகமாகப் பார்த்து எடுப்பான். ஆயிரம் பக்க நாவலை ‘அடுத்த ஆண்டு’ என்று ஒதுக்குவான். பட்டியல் வாசிப்புக்குக் கணக்குப்பிள்ளையாக இருக்கலாம், முதலாளியாகக் கூடாது. 61 என்பது நல்ல எண். அதோடு எண்ணுவதை நிறுத்திவிடுங்கள்.

நோட்டா செயலியா என்பதற்கு ஒரே சோதனைதான். உள்ளே போட்டதை முழுசாக வெளியே எடுக்க முடியுமா? செயலி மூடப்படும் நாளில் உங்கள் குறிப்புகளும் அதோடு போகக்கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சிஎஸ்வி கோப்பாக (எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய எளிய அட்டவணைக் கோப்பு) இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதை நேரடியாக எக்செல்லில் திறந்தால் தமிழ் கோழிக் கிறுக்கலாகத் தெரியலாம். கோப்பு கெட்டுவிட்டது என்று பதறி அழித்துவிடாதீர்கள். தரவை இறக்குமதி செய்யும் வழியில் போய், எழுத்துமுறை யூடிஎஃப்-8 என்று தேர்ந்தால் சரியாகிவிடும். நோட்டு என்றால் பக்கங்களுக்கு எண் போட்டது, தைத்தது, சுருள்கம்பி இல்லாதது. அவ்வளவுதான்.

பாதியில் நிறுத்திய நூலைக் கண்டிப்பாகக் குறியுங்கள். எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள், இரண்டே தகவல். ‘பக். 84, மொழிபெயர்ப்பு முரடு’ என்று இருந்தால் வேறு மொழிபெயர்ப்பைத் தேடலாம். ‘பக். 84, நேரமில்லை’ என்றால் அதே பிரதியை மறுபடி எடுக்கலாம். காரணம் எழுதாதவர், நூலின் மேல் இல்லாத குற்றத்தை ஏற்றிவிடுகிறார்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. இதைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்ததால்தான் உங்கள் கடிதத்தை எடுத்தேன். 24இல் 9 படித்த தொகுப்பை எப்படிக் குறிப்பது என்று தடுமாறுகிறீர்கள். தடுமாற்றத்துக்குக் காரணம், சிறுகதையைப் புத்தகமாக எண்ணுவது. சிறுகதைக்கு அலகு கதை. தொகுப்பு வெறும் பெட்டி. ஒரே கதை முதலில் இதழில் வரும், பிறகு ஆசிரியரின் முதல் தொகுதியில், பிறகு முழுத் தொகுதியில், நடுவில் யாரோ தேர்ந்தெடுத்த ‘சிறந்த கதைகள்’ ஒன்றில். பெட்டிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் அந்தக் கதையை எத்தனை முறை படித்தோம் என்றே தெரியாது. படித்ததில்லை என்று நினைத்து நாலாம் பக்கத்தில் ‘அட, இது அதுவல்லவா’ என்று விழிக்க நேரும்.

ஆகவே இரண்டு பட்டியல்கள். நூல் பட்டியலில் ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண்: பு-57. கதைப் பட்டியலில் கதைக்கு ஒரு வரி: தலைப்பு, ஆசிரியர், முதலில் வெளிவந்த இதழும் ஆண்டும், படித்த இடம் (பு-57, பக். 112–126), படித்த தேதி. தேதியை 2024-03-04 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதுங்கள். 03/04 என்று எழுதினால் மார்ச்சா ஏப்ரலா என்று பிற்பாடு உங்களுக்கே சந்தேகம் வரும். கணினியும் ஒழுங்காக அடுக்காது. மொழிபெயர்ப்புக் கதையென்றால் மொழிபெயர்த்தவர் பெயரும், மூலத்திலிருந்தா ஆங்கிலம் வழியாகவா என்பதும். மொழிபெயர்ப்பாளர் பெயரை எழுதாமல் விடுவது மரியாதைக் குறைவு மட்டுமில்லை, ஒரே கதை இரண்டு தலைப்புகளில் தமிழில் இருக்கும்போது உங்களைக் காப்பாற்றுவது அந்தப் பெயர்தான்.

‘முதலில் வெளிவந்த ஆண்டு’ என்ற கட்டத்தில் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். நூலின் இரண்டாம் பக்கத்தில் ‘முதற்பதிப்பு’ என்று போட்டிருப்பதை அப்படியே எடுத்து எழுதுகிறார்கள். அது பெரும்பாலும் அந்தப் பதிப்பகத்தின் முதற்பதிப்பு. புதுமைப்பித்தன் மறைந்தது 1948இல். அவர் கதைகளின் பதிப்பு ஒன்றில் இந்த நூற்றாண்டின் ஆண்டு முதற்பதிப்பாக அச்சாகியிருக்கும். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். கதையின் ஆண்டு தெரியாவிட்டால் வெறுமையாக விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். ஐஎஸ்பிஎன் எண்ணும் இங்கே உதவாது. அது பதிப்பைக் காட்டும், கதையைக் காட்டாது. பழைய நூல்களில் அது இருக்கவே இருக்காது.

இதெல்லாம் எலும்புக்கூடு. உங்கள் 212 வரிகளும் செத்துக்கிடப்பதற்குக் காரணம் வேறு. ‘அருமை’ என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்காக எழுதினீர்கள்? கதைக்கு மதிப்பெண் போடும் வாத்தியாராகவா உங்களை நினைத்துக்கொண்டீர்கள்? குறிப்பேட்டில் முதலில் இருக்கவேண்டியது தீர்ப்பு இல்லை, அடையாளம். யார், எங்கே, என்ன நடக்கிறது, எப்படி முடிகிறது. பதினைந்திலிருந்து இருபத்தைந்து சொற்கள். ஐந்து நட்சத்திரம் எந்தக் கதையையும் திரும்ப அழைத்துவராது. ஒரு குடையோ, ஒரு கடன் பத்திரமோ, திறக்காமல் போன ஒரு கடிதமோ அழைத்துவரும்.

ஓர் உதாரணம் போதும். புதுமைப்பித்தன் அகலிகையை வைத்து இரண்டு கதைகள் எழுதியிருக்கிறார்: ‘அகல்யை’, ‘சாபவிமோசனம்’. ‘அகலிகை கதை, மிக அருமை’ என்று குறித்துவைத்தவருக்கு எதைப் படித்தோம் என்பதே தெரியாது. ‘ராமன் தீக்குளிக்கச் சொன்னதைச் சீதையின் வாயால் கேட்டு, அகலிகை மறுபடி கல்லாகிறாள்’ என்று எழுதியவருக்கு, முப்பது ஆண்டு கழித்தும் ‘சாபவிமோசனம்’ அந்த ஒரு வரியில் எழுந்து நிற்கும். இரண்டாவது வரியில் பாராட்டு ஒன்றுமே இல்லை, கவனித்தீர்களா?

முடிவை எழுதத் தயங்குகிறவர்கள் உண்டு. ‘கதையை உடைத்துவிடுமே’ என்பார்கள். யாருக்கு உடையும்? நோட்டு உங்களுடையது. நாம் மறப்பதில் முதலில் போவதே முடிவுதான். தொடக்கக் காட்சி பல வருஷம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் முடிவுக்கு இடம் ஒதுக்கிவிட்டு மீதியை எழுதுங்கள்.

வரியை எப்போது எழுதுவது? படித்த அன்றைக்கே, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, நினைவிலிருந்து. எழுதிய பிறகு திறந்து பெயர்களையும் உறவுமுறைகளையும் சரிபாருங்கள். அத்தையைச் சித்தியாக்கியிருப்பீர்கள். மூடிவைக்கச் சொல்வதற்குக் காரணம், திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் ஆசிரியரின் வாக்கியம் உங்கள் வரியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைவிட மோசம் பின்னட்டை. ‘மனித மனத்தின் ஆழங்களைத் தொடும்’ என்ற சொற்றொடர் உங்கள் குறிப்பில் எங்கேனும் இருந்தால் அது பின்னட்டையிலிருந்து ஏறி வந்தது, அடித்துவிடுங்கள். முன்னுரையையும் கதைகளுக்கு அப்புறம் படியுங்கள்.

எழுதிய வரி தேறுமா என்று பார்க்க வழி உண்டு. ஒரு மாதம் கழித்துத் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் கையால் மறைத்துக்கொண்டு வரியை மட்டும் வாசியுங்கள். கதை வந்தால் சரி. ‘ஏழைக் குடும்பத்தின் துயரம்’ போல இன்னும் பத்துக் கதைகளுக்குப் பொருந்துகிற வரியாக இருந்தால், அந்தக் கதையில் மட்டுமே இருக்கிற ஒரு பொருளையோ ஒரு செயலையோ உள்ளே போடுங்கள்.

கருத்து சொல்லியே ஆகவேண்டும் என்றால் அதற்கு அடியில் தனி வரி, தேதியோடு. மறுபடி படிக்கும்போது புதுத் தேதியில் புது வரி. பழையதை அழிக்கக்கூடாது, அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தாலும். பிடித்த வாக்கியத்தை எடுத்தெழுதினால் மேற்கோள் குறியும் பக்க எண்ணும் பு-எண்ணும் கட்டாயம். குறி போடாமல் விட்டால் நாலு வருஷம் கழித்து அது உங்கள் வாக்கியமா அவருடையதா என்று தெரியாது. அப்படித்தான் நல்லவர்கள்கூடத் திருடர்களாகிறார்கள்.

நோட்டு வைத்திருப்பவர்கள் அடுத்து மாட்டிக்கொள்வது தேடுவதில். ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் 1686இல் குறிப்பேட்டுக்கு ஒரு பொருளடக்க முறையை வெளியிட்டார். சொல்லின் முதல் எழுத்து, அதை அடுத்து வரும் முதல் உயிர், இந்த இரண்டையும் வைத்துக் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் பக்க எண்ணை மட்டும் எழுதுவது. எல்லாம் இரண்டே பக்கத்தில் அடங்கிவிடும். மெய்யையும் உயிரையும் சேர்ப்பதற்கு அவர் பட்ட பாடு நமக்கு வேண்டாம். கா, கி, கு என்று எழுத்திலேயே சேர்ந்துதான் இருக்கிறது. தொல்காப்பியக் கணக்குப்படி மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள் குற்றியலுகரத்தை விட்டால் 93. அதில் ஔகார வரிசை அநேகமாகக் காலியாகவே கிடக்கும், மூட்டையாகக் கட்டி ஒரே கட்டத்தில் போடலாம். தொல்காப்பியர் விலக்கிய ‘ச’வும், ஜ, ட, ர, ல, ஸ, ஹ எழுத்துகளும் இன்றைய பெயர்களுக்கு வேண்டும். இருநூறு பக்க நோட்டில் முன்னால் நான்கு பக்கம் விட்டால் தாராளம். அதில் ஆசிரியர் பெயர்களை மட்டும் ஏற்றுங்கள்.

பெயரை ஏற்றும்போது ஒரு விதி வகுத்து அதிலேயே நில்லுங்கள். கு. அழகிரிசாமி ‘கு’விலா ‘அ’விலா? பெயருக்குத்தான் முதலிடம், முன்னெழுத்து பின்னால்: ‘அழகிரிசாமி, கு.’ புனைபெயரில் எழுதியவரைப் புனைபெயரிலேயே வையுங்கள், இயற்பெயரில் ‘சொ. விருத்தாசலம் – புதுமைப்பித்தன் காண்க’ என்று ஒரு சுட்டு போதும். செகாவ், செக்காவ், செகோவ் மூவரும் ஒரே ருஷ்ய எழுத்தாளர்தான். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

எக்செல்காரர்களுக்கு இதே நோய் வேறு வேஷத்தில் வரும். சிறுகதை எழுத்தாளர் மௌனியைத் தேடினால் கிடைக்கமாட்டார், ஏனென்றால் நீங்கள் ‘மெளனி’ என்று, எகரக் கொம்பும் ளகரமுமாகத் தட்டியிருப்பீர்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், கணினிக்கு வேறு வேறு சொல். ‘கொ’ போன்ற எழுத்துகளிலும் இதே தொல்லை உண்டு: கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டும்போது இது நுழைந்துவிடும். பெயர்களை ஒவ்வொரு முறையும் தட்டாமல் ஒரு பட்டியலிலிருந்து தெரிவுசெய்யும்படி வைத்துக்கொண்டால் தொல்லை தீரும். அகரவரிசையையும் நம்பவேண்டாம். சில மென்பொருள்கள் குறியீட்டு எண்படி அடுக்கும். அங்கே வகரத்துக்கு முன்னால் ழகரம் வந்து நிற்கும்.

படிக்கவேண்டியவற்றை இதில் கலக்காதீர்கள். டார்வின் 1838 முதல் 1860 வரை வாசிப்புக் குறிப்பேடுகள் வைத்திருந்தார். படித்தவை ஒரு பட்டியல், படிக்கவேண்டியவை இன்னொரு பட்டியல். ஆசையையும் கணக்கையும் ஒரே பக்கத்தில் எழுதினால் ஆசைதான் பக்கத்தை நிறைக்கும்.

பழைய 212ஐ என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இன்றிரவே உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தப்போகிறீர்கள் என்று தெரிகிறது. வேண்டாம். அப்படித் தொடங்குகிறவர்கள் நாற்பதாவது வரியில் குறிப்பேட்டையே வெறுத்துவிடுவார்கள். வாரத்துக்குப் பத்து வரி, அதுவும் தானாக நினைவுக்கு வருபவை மட்டும். பக்கத்தில் ‘நி’ என்று போடுங்கள், நினைவிலிருந்து எழுதியது என்று தெரியட்டும். தேதியைக் கற்பனை செய்யவேண்டாம். எதுவுமே வராதவற்றைப் படிக்காதவையாக எண்ணிக்கொள்ளுங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை, மறுபடி முதன்முறையாகப் படிக்கக் கிடைக்கிறதே.

அந்தத் தொகுப்புக்கு நூல் பட்டியலில் ‘9/24’ என்று போடுங்கள். கதைப் பட்டியலில் ஒன்பது வரிகள். ஒரு கதைக்கு ஐந்து நிமிடம் என்றால் முக்கால் மணி நேர வேலை. ஒன்பதில் எத்தனைக்கு முடிவு நினைவில் இருக்கிறது என்று எழுதி அனுப்புங்கள். மீதி பதினைந்தைப் படிப்பதா, இந்த ஒன்பதையே மறுபடி படிப்பதா என்று அப்புறம் பேசலாம்.

அன்புடன்