குள்ளமான கால், அகன்ற இடுப்பு, பெரிய பாதம்: வேடர்ஸ் தேர்வு பற்றி

வணக்கம். இடுப்புக்குப் பொருந்தும் வேடர்ஸில் (நீரில் இறங்கி நிற்க அணியும் நீர்புகாக் கால்சட்டையில்) கால் நீளம் மிஞ்சுகிறது என்றும், கால் நீளம் சரியாக இருப்பதில் பாதம் நுழைவதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். காலணியோடு ஒட்டியே வரும் வகையை நீங்கள் விட்டுவிடுவதே நல்லது. ஏனெனில் அதில் பாத அளவும் உடல் அளவும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. நியோப்ரீன் (ஒருவகைச் செயற்கை ரப்பர்) காலுறையில் முடியும் வகையை எடுத்தால், உடலுக்கு ஓர் அளவும் பாதத்திற்குத் தனிக் காலணியும் தேர்ந்தெடுக்கலாம்.

அளவெடுக்கும்போது உள்ளே அணியும் கம்பளி உடைகளையும் தடித்த காலுறையையும் போட்டுக்கொண்டு, உடலின் மிக அகலமான இடத்தின் சுற்றளவையும், கவட்டிலிருந்து தரை வரையிலான உள்கால் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்கள் ஒரே எண்ணில் குட்டை, அகலம், நீளம் என உட்பிரிவுகள் வைத்திருக்கின்றன. உங்களுக்குத் தேவை அகலமும் குட்டையும் சேர்ந்த பிரிவு. பெண்களுக்கான வடிவமைப்பில் இடுப்புப் பகுதி தாராளமாக இருப்பதால், அதையும் தயங்காமல் போட்டுப் பாருங்கள்.

வேடர்ஸோடு சேர்ந்த நியோப்ரீன் காலுறைதான் உண்மையான சிக்கல். அது பெரிதாக இருந்தால் காலணிக்குள் மடிந்து, அந்த மடிப்பு உராய்ந்து நாளடைவில் ஒழுகும். இறுக்கமாக இருந்தாலோ இரத்த ஓட்டம் குறைந்து பாதம் குளிரில் மரத்துப்போகும். காலணியையும் காலுறையோடு போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

வாங்குமுன் முழுதாகக் குந்தி, முழங்காலை இடுப்பளவு உயர்த்திப் பாருங்கள். கவட்டுத் தையல் இழுபட்டால் அந்த அளவு வேண்டாம். எதுவும் பொருந்தாவிட்டால், அளவுக்குத் தைத்துத் தரும் தயாரிப்பாளரிடம் கூடுதல் தொகை கொடுப்பது வீண்செலவு ஆகாது.