பலெர்மோவில் எங்கே, எப்போது, என்ன சாப்பிடுவது?

கேள்வி: செப்டம்பர் முதல் வாரம் குடும்பத்தோடு இத்தாலியின் பலெர்மோ நகருக்குப் போகிறோம், ஐந்து நாள் தங்கல். நான் சைவம், பால், முட்டை சாப்பிடுவேன். கணவரும் பிள்ளைகளும் எல்லாம் சாப்பிடுவார்கள். கூகுளில் நாலரை நட்சத்திரத்துக்கு மேல் உள்ள உணவகங்களாகக் குறித்து வைத்தேன். பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே தெருவில் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் சாப்பிடும் நல்ல இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அந்தத் தெரு அநேகமாக வியா மக்குவேதாவாகத்தான் இருக்கும். குவாத்ரோ காந்தி நாற்சந்தியிலிருந்து மாசிமோ நாடக அரங்கு வரை வண்டித் தொந்தரவு இல்லாமல் நடக்கலாம் என்பதால் வெளியூர்க்காரர்கள் எல்லோரும் அங்கேதான் சுற்றுவார்கள். கப்பலில் வந்து இறங்குபவர்களும் அங்கேதான் வருவார்கள். ஒருமுறை சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போய் நட்சத்திரம் போடுபவர்களை வைத்து ஒரு கடையை எடைபோட முடியாது. அந்தப் பட்டியலை ஓரமாக வையுங்கள்.

பலெர்மோவில் முதலில் கடையைத் தேடக் கூடாது; பண்டத்தைத் தேட வேண்டும். ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு நேரம், ஒரு பருவம், அதையே வேலையாக வைத்திருக்கும் ஆள் என்று இந்த ஊரில் உண்டு. 'இன்று மதியம் இது' என்று முடிவு செய்தால், போக வேண்டிய இடம் தானாகவே இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும்.

காலையில் சந்தைக்குப் போங்கள். பல்லாரோ, காப்போ இரண்டும் நடக்கும் தூரம்தான். ஒன்பது மணியிலிருந்து மதியம் ஒன்று வரை நல்ல நேரம். வுச்சிரியா பெயர்பெற்ற சந்தை, ஆனால் இன்று அது பெரும்பாலும் இரவில் கூடிக் குடிக்கும் இடமாகிவிட்டது. காய்கறி பார்க்க அங்கே போக வேண்டாம். பல்லாரோவில் வியாபாரிகள் ராகம் போட்டுக் கூவுவார்கள். அது அந்தச் சந்தையின் பழைய வழக்கம், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் உணவக வாசலில் ஒருவர் மெனு அட்டையோடு நின்று உங்களைக் கூப்பிட்டால் நிற்காமல் நடையைக் கட்டுங்கள். காலை முதல் இரவு வரை மூடாத சமையலறை, ஐந்து மொழியில் படம் போட்ட மெனு, ரோமாபுரியின் கார்பொனாரா பாஸ்தாவும் நேப்பிள்ஸ் பீட்சாவும் சிசிலி மீனும் ஒரே அட்டையில், இவை எல்லாமே வேண்டாம் என்பதற்கான அடையாளங்கள்.

உங்களுக்கென்றே பிறந்த பண்டம் பனெல்லே. கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பும் பார்ஸ்லி இலையும் சேர்த்து, களி கிண்டுவதுபோல் அடுப்பில் விடாமல் கிண்டுவார்கள். அதை மெல்லியதாகப் பரப்பி ஆறவைத்து, துண்டு போட்டு எண்ணெயில் பொரிப்பார்கள். எள் தூவிய ரொட்டிக்குள் ஏழெட்டுத் துண்டுகளை அடுக்கி எலுமிச்சை பிழிந்து கொடுப்பார்கள். கூடவே உருளைக்கிழங்கில் செய்யும் கத்சீல்லியையும் வைக்கச் சொல்லலாம். சில யூரோவில் மதியச் சாப்பாடு முடிந்தது. தட்டில் பொரித்துக் குவித்து வைத்திருக்கும் கடை வேண்டாம். கேட்ட பிறகு சட்டியில் போடும் கடையில் நில்லுங்கள்; ஐந்து நிமிடம் காத்திருப்பது வீண் போகாது. அதே எண்ணெயில் மீனும் போடுகிறார்களா என்பதையும் நின்ற இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

சைவம் என்று நினைத்து ஏமாறக்கூடிய பண்டங்கள் சில உண்டு. சோற்று உருண்டையைப் பொரித்துச் செய்யும் அரன்ச்சீனாவில் 'அல் புர்ரோ' என்ற வகை இருக்கிறது. வெண்ணெய் என்று பெயர், ஆனால் உள்ளே பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். கீரையும் சீஸும் வைத்தது தனியாகக் கிடைக்கும், 'ஸ்பினாச்சி' என்று கேளுங்கள். தக்காளியும் வெங்காயமும் போட்ட தடித்த ரொட்டி ஸ்ஃபின்ச்சோனே. பார்த்தால் சுத்த சைவம் மாதிரி இருக்கும், ஆனால் நெத்திலி சேர்ப்பார்கள். காலிஃபிளவர், உலர்திராட்சை, பைன் கொட்டை, குங்குமப்பூ போட்ட பாஸ்தாவிலும் நெத்திலியைக் கரைத்துத்தான் தாளிப்பார்கள். 'சென்சா அச்சூகே', நெத்திலி இல்லாமல், என்ற சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அப்புறம், காச்சோகவாலோ, பெக்கொரீனோ போன்ற சீஸ்களில் பாலைத் திரிக்க ஆட்டுக்குட்டியின் அல்லது கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைப் பயன்படுத்துவது வழக்கம். சீஸ் நிரப்பிய இனிப்புக் குழலான கன்னோலியின் ஓட்டு மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதும் பழைய முறை. அதில் கண்டிப்பாக இருப்பவர் என்றால் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நிம்மதியாகச் சாப்பிடக்கூடியது கப்போனாத்தா. கத்திரிக்காய், செலரி, ஆலிவ், கேப்பர் மொட்டு சேர்த்து வினிகரும் சர்க்கரையுமாகப் புளிப்பும் இனிப்பும் கலந்து வரும். ஆறிய பிறகுதான் பரிமாறுவார்கள், சூடாக வரவில்லையே என்று நினைக்க வேண்டாம். கடல் உணவு சேர்த்துச் செய்பவர்களும் இருப்பதால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. இன்னொன்றைத் தேடியே ஆக வேண்டும்: தெனெரூமி. நம் சுரைக்காயின் நீள வகை ஒன்றை அங்கே வளர்க்கிறார்கள். அதன் கொழுந்தையும் இலையையும் தக்காளியோடு வேகவைத்து, உடைத்த பாஸ்தா போட்டுத் தண்ணியாகச் செய்வார்கள். கோடைப் பண்டம், செப்டம்பர் தொடக்கத்தில் இன்னும் கிடைக்கும். மெனுவில் அந்தப் பெயர் இருந்தால், வீட்டுச் சமையல் தெரிந்தவர் உள்ளே இருக்கிறார் என்று நம்பி உட்காரலாம்.

கணவருக்கும் பிள்ளைகளுக்கும் மத்தி மீனும் காட்டுச் சோம்பும் போட்ட 'பாஸ்தா கொன் லெ சார்தே', வளைய வடிவப் பாஸ்தாவை இறைச்சிக் குழம்போடு அடுப்பில் சுட்ட அனெல்லெத்தி. துணிச்சல் இருந்தால் மாட்டு மண்ணீரலை ரொட்டியில் வைத்துத் தரும் 'பானி கா மேவுசா'. 1834 முதல் நடக்கும் அந்தீகா ஃபொக்கச்சேரியா சான் ஃபிரான்செஸ்கோவில் மேசையில் உட்கார்ந்தே அதைச் சாப்பிடலாம். தெருவோரம் புகை எழுந்தால் அது பெரும்பாலும் ஸ்திக்கியோலே, ஆட்டுக்குடல் சுட்டது.

மீன் உணவகத்தில் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். முழு மீனுக்கு விலை 'எத்தோ' கணக்கில், அதாவது 100 கிராமுக்கு எழுதியிருக்கும். ஆறு யூரோதானே என்று சொல்லிவிட்டு, 700 கிராம் மீன் வந்தால் 42 யூரோ. எடை போட்டு விலை சொன்ன பிறகு சரி என்று சொல்லுங்கள். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் உறையவைத்த பொருள் என்று பொருள், அடிக்குறிப்பில் எழுதியிருப்பார்கள். பில்லில் 'கொப்பெர்த்தோ' என்று தலைக்கு இரண்டு மூன்று யூரோ வரும். அது மேசைக்கும் ரொட்டிக்குமான கட்டணம், மெனுவிலேயே போட்டிருக்க வேண்டும். டிப்ஸ் கட்டாயமில்லை.

இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு முன் கிடைக்காது; ஊர்க்காரர்கள் ஒன்பதுக்குத்தான் வருவார்கள். பிள்ளைகளுக்கு அதற்குள் பசித்துவிடும் என்பதால், மாலையில் 'ரொஸ்திச்சேரியா' என்று போட்ட கடையில் ரொட்டிப் பலகாரம் எதையாவது வாங்கிக் கொடுத்துவிடுங்கள். நல்ல உணவகங்களைத் தேட, ஸ்லோ ஃபுட் அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் 'ஒஸ்தெரியே தி இத்தாலியா' கையேட்டைத்தான் நட்சத்திரங்களைவிட நான் நம்புவேன். அதில் நத்தைச் சின்னம் பெற்ற இடங்களுக்குச் சில நாள் முன்பே சொல்லி வையுங்கள். கூகுளைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால், இத்தாலிய மொழியில் வந்த கருத்துகளை மட்டும் மொழிபெயர்த்துப் படியுங்கள். ஒரே பண்டத்தின் பெயரைப் பலர் சொல்லியிருந்தால் அந்தக் கடைக்கு அதற்காகப் போகலாம்.

தெருவில் தமிழ் காதில் விழுந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஈழத் தமிழர்கள் 1980களிலிருந்தே அங்கே வாழ்கிறார்கள். செப்டம்பர் 3 இரவு, நகரின் காவல் புனிதை ரொசாலியாவின் குகைக் கோயிலுக்குப் பெல்லெக்ரீனோ மலையேறிப் போகும் கூட்டம் உண்டு. அந்தப் புனிதையிடம் கத்தோலிக்கத் தமிழர்களுக்கும் இந்துத் தமிழர்களுக்கும் ஒருசேரப் பக்தி. அவர்களிடம் பேச்சுக் கொடுத்து, 'பனெல்லே எங்கே வாங்குவீங்கள்?' என்று கேளுங்கள். அதைவிட நல்ல வழிகாட்டி உங்களுக்குக் கிடைக்காது.

இனிப்புக்குக் கன்னோலி என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்குள் நிரப்பும் செம்மறிப் பால் ரிக்கோத்தா சீஸ் குளிர்காலத்திலும் வசந்தத்திலும்தான் உச்சத்தில் இருக்கும். அதனால் ஒன்று வாங்கிப் பாருங்கள், அதுவும் கேட்ட பிறகு நிரப்பித் தரும் கடையில் மட்டும். உங்கள் பருவத்துக்கு உரியது 'ஜேலோ தி மெல்லோனே': தர்பூசணிச் சாற்றை மாவு சேர்த்துக் காய்ச்சிக் கெட்டியாக்கி, மல்லிகை வாசத்தோடு தருவார்கள். காலை உணவுக்கு எலுமிச்சை அல்லது பாதாம் சேர்த்த கிரானீத்தா என்ற பனிக்கூழோடு பிரியோஷ் ரொட்டி. சந்தையில் சப்பாத்திக்கள்ளிப் பழமும் வந்திருக்கும். முள் நீக்கி உரித்தே கொடுப்பார்கள். ஞாயிறு இரவும் திங்களும் பல உணவகங்கள் மூடியிருக்கும். ஆகவே பெரிய சாப்பாட்டைச் சனி இரவுக்கோ ஞாயிறு மதியத்துக்கோ வைத்துக்கொண்டு, முன்கூட்டியே போன் செய்து மேசை சொல்லிவிடுங்கள்.