கறவை மாட்டுக்குச் சக்தித் தீன்: எந்த மாட்டுக்கு, எப்போது, எவ்வளவு?

வணக்கம். போருக்குப் பிறகு 2010இல் மீள்குடியேறி வந்த நாள் முதல் கிளிநொச்சித் தருமபுரத்தில் கறவை மாடு வளர்க்கிறேன். பால் கூடுவதற்குச் சக்தித் தீன் (கொழுப்புத் தூள், தவிடு, சோளம் போல உடம்புக்குச் சக்தி தருகிற தீன்) கொடுப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அண்ணை, ஒட்டுசுட்டானில் இருந்து எழுதுகிறேன். ஜேர்சிக் கலப்பு மாடு, கன்று போட்டு 20 நாள். 10 லீற்றர் வந்தது, இப்போது 8தான். இடுப்பெலும்பு தெரிய மெலிந்துவிட்டது. கடையில் கொழுப்புத் தூள் கொடுக்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா?

வாங்கலாம் தம்பி, இந்த நிலையில் இருக்கிற மாட்டுக்குத்தான் அது பொருந்தும். ஆனால் ஏன் மெலிகிறது என்று முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். கன்று போட்ட மாட்டுக்குப் பால் 4 முதல் 8 கிழமைக்குள் உச்சத்துக்குப் போய்விடும், தின்கிற அளவு உச்சத்துக்கு வர 10, 12 கிழமை பிடிக்கும். இடையில் வருகிற குறையைத் தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துத்தான் மாடு ஈடுகட்டுகிறது. அது மிஞ்சிப் போனால் ஈரல் தாங்காது, கீற்றோசிஸ் என்ற நோய் வரும். தவிட்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பும், வைக்கோலை மட்டும் மெல்லும், சாணி இறுகும், மூக்குக்குக் கிட்டப் போனால் மூச்சில் பழம் புளித்த மாதிரி ஒரு வாசம் அடிக்கும். என் சிவலைப் பசுவில் அந்த வாசத்தை மூன்று நாளாக என்னவென்று தெரியாமல் விட்டுவிட்டேன். மிருக வைத்தியர் வந்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் வாய் வைத்துத் தின்றது, அந்த ஈற்றில் பால் பழைய அளவுக்கு வரவேயில்லை. ஆகவே இன்றைக்கே மூச்சை முகர்ந்து பாருங்கள்.

வாசம் இல்லை, தீன் தின்கிறது என்றால் தூளைத் தொடங்கலாம். அது முதல் வயிற்றில் கரையாமல் தாண்டிப் போய்க் குடலில் செரிக்கிற கொழுப்பு, மாச்சத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சக்தி தரும். ருசி மாட்டுக்குப் பிடிக்காது, அதனால் 50 கிராமில் தொடங்கி, ஈரமாகப் பிசைந்த தவிட்டில் கலந்து, ஒரு கிழமையில் 150 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் மாட்டுக்கு அதற்கு மேல் தேவையில்லை. புல்லும், 2 லீற்றர் பாலுக்கு 1 கிலோ கணக்கில் கலப்புத் தீனும் ஏற்கெனவே போகிறதா? அது இல்லாமல் தூளை மட்டும் போட்டால் காசு வீண்.

தூள் விலை கட்டாது. தேங்காய் எண்ணெய் அரைப் போத்தல் ஊற்றினால் அதே பலன்தானே அண்ணை? (பரந்தன்)

இல்லை. எண்ணெய் வயிற்றுக்குள் புல்லின் மேல் படிந்துவிடும், நாரைச் செரிக்க வைக்கிற நுண்ணுயிர்கள் செத்துப்போகும். பாலின் கொழுப்பு இறங்கும், பால் சேகரிக்கிற இடத்தில் கொழுப்பைப் பார்த்துத்தானே விலை போடுகிறார்கள்? போத்தலால் ஊற்றும்போது நுரையீரலுக்குள் போனால் மாடே போய்விடும்.

பட்டியில் 14 நாட்டு மாடு, ஒவ்வொன்றும் ஒரு போத்தல்தான் தருகிறது. எல்லாவற்றுக்கும் தூள் கொடுக்கட்டா? (நெடுங்கேணி)

ஐயா, தயவுசெய்து வேண்டாம். ஒரு போத்தல் கறக்கிற மாட்டுக்குப் பாலுக்கும் தீனுக்கும் இடையில் அந்தக் குறையே விழுவதில்லை. உங்கள் மாடுகளுக்குக் குறை வேறு. காலபோக நெல் விதைத்ததும் வயலுக்குள் விடமுடியாது, மேய்ச்சல் தரவையும் சுருங்கிப்போச்சு, காட்டில் கிடைத்ததைத் தின்றுவிட்டு வருகின்றன. மாசி, பங்குனியில் வெட்டு முடிந்து வைக்கோலைக் கொளுத்துகிறார்களே, அதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். அதை ஏற்றிவந்து யூரியா போட்டு வையுங்கள். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 100 லீற்றர் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் பொலித்தீனால் மூடி இரண்டு, மூன்று கிழமை விட வேண்டும். திறந்தால் மஞ்சள் கலந்த மண்ணிறமாக, பிடித்துப் பார்க்க மெதுவாக இருக்கும், காரமான மணம் கண்ணைக் கரிக்கும். அந்த மணம் போகும்வரை ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். 6 மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கூடாது. கரைத்த வாளியை மாடு நக்கினால் நஞ்சு, அதை உடனே கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். கூடவே வேலியில் நிற்கிற சீமைக்கிளுவையை வெட்டி, ஒரு நாள் வாடவைத்துப் போடுங்கள், பச்சையாகப் போட்டால் மணத்துக்குத் தின்னாது.

நேற்றிரவு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்க் காயப்போட்ட நெல்லைத் தின்றுவிட்டது. நெல்லும் சக்திதானே, பால் கூடுமா? (மாங்குளம்)

தங்கச்சி, இதை வாசித்தவுடன் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். ஒரேயடியாகத் தின்ற தானியம் வயிற்றில் புளித்து அமிலமாகும், ஒரு நாளுக்குள்ளேயே மாடு விழுந்துவிடலாம். தவிடு, கஞ்சி ஒன்றும் வைக்கவேண்டாம், வைக்கோல் மட்டும் போடுங்கள்.

சினை மாட்டுக்குச் சக்தித் தீனை இப்போதே தொடங்கலாமா? கன்று போட இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. (செட்டிகுளம்)

கறப்பதை இப்போது நிறுத்துங்கள், அது போதும். கொழுக்க வைத்தால் கன்று போட்ட பிறகு தீனே எடுக்காது. கடைசி 3 கிழமையில் தவிடும் புண்ணாக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி 2 கிலோ வரை கொண்டுவாருங்கள், வயிறு பழகிவிடும்.

தூள், புண்ணாக்கு, சோளம் எல்லாம் கொடுத்தும் 7 லீற்றரைத் தாண்டவில்லை. (பூநகரி)

அக்கா, என்ன தண்ணீர் வைக்கிறீர்கள்? உங்கள் பக்கத்துக் கிணறுகள் பல உவர். பாலில் 87 வீதம் தண்ணீர், இந்த வெயிலுக்கு உங்கள் மாடு ஒரு நாளைக்கு 60, 70 லீற்றர் குடிக்கவேண்டும். காலையிலும் மாலையிலும் ஒரு வாளி காட்டிவிட்டு இரவு வெறுந்தொட்டியோடு கட்டினால் எந்தத் தூளும் வேலை செய்யாது. நல்ல தண்ணீர் தொட்டியில் எந்நேரமும் நிற்கட்டும், இரவிலும் குடிக்கும். நாளைக்கு விடியப் போய்த் தொட்டியில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள், அதற்குப் பிறகு தீனைப் பற்றிக் கதைப்போம்.