காப்பீட்டுக் கார்டு: வாசலில் நிற்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: அப்பாவுக்கு இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். அவர் பெயர் அண்ணனின் ரேஷன் கார்டில் இருக்கிறது. அந்தக் குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுக் கார்டு உண்டு. மருத்துவமனை வாசலில் ஒருவர், 'அது மாநில அரசுக் கார்டு, இப்போது செல்லாது. மத்திய அரசின் ஆயுஷ்மான் கார்டு எடுத்தால் இன்னொரு ஐந்து லட்சம் கிடைக்கும்' என்று சொல்லி 3,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஆதார் நகலையும் கொடுக்காதீர்கள். போனுக்கு வரும் ஓ.டி.பி.யைச் சொல்லவே சொல்லாதீர்கள்.

தமிழ்நாட்டில் இரண்டும் ஒரே திட்டம்தான். 2012 முதல் நடந்துவரும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தோடு 2018 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் சேர்க்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அங்கே ஒரு ஐந்து, இங்கே ஒரு ஐந்து என்று பத்தாகாது. 70 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும் தனியாக 5 லட்சம் என்று மத்திய அரசு 2024-ல் அறிவித்தது; அப்பாவுக்கு அந்த வயது என்றால், அது இங்கே கிடைக்குமா என்று கடைசியில் சொல்லியிருக்கும் எண்களில் கேளுங்கள், வாசலில் நிற்பவரிடம் அல்ல. 2011 சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பின்படி தகுதி பெற்ற குடும்பங்களுக்கு மத்திய அரசும் மாநில அரசும் 60-க்கு 40 என்ற கணக்கில் பணம் போடுகின்றன. மற்றவர்களுக்கு மாநிலமே ஏற்கிறது. உங்கள் அண்ணன் எந்தப் பட்டியலில் வருகிறார் என்பது அந்த இரண்டு அரசுகளின் கணக்கு வழக்கு. அப்பாவின் சிகிச்சைக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. இவ்வளவுதான் விஷயம். இதை ஒரு போர்டில் நாலு வரியில் எழுதி மாட்டியிருந்தால் அந்த ஆளுக்கு வாசலில் வேலையே இருக்காது. நம் ஆட்சியாளர்களுக்குப் போர்டில் யார் படம் பெரிதாக வர வேண்டும் என்பதில்தான் அக்கறை.

உங்கள் விஷயத்தில் சரிபார்க்க வேண்டியது ரேஷன் கார்டு. காப்பீடு அதன் பின்னால்தான் போகும். அப்பா பெயர் அண்ணனின் ரேஷன் கார்டில் இருப்பதால், அந்தக் காப்பீட்டு எண்ணிலேயே அவருக்குச் சிகிச்சை பெறலாம். 'அப்பாவுக்குத் தனி ரேஷன் கார்டு வாங்குங்கள், சுலபமாக இருக்கும்' என்று யாராவது யோசனை சொல்வார்கள். இப்போது அதைத் தொடவே தொடாதீர்கள். அண்ணன் கார்டிலிருந்து பெயரை நீக்கி, புதுக் கார்டு வந்து, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்கி, மறுபடி பதிவு செய்யும்வரை அப்பா எந்தக் கார்டிலும் இருக்க மாட்டார். வால்வு அதுவரை பொறுக்காது. ரேஷன் கார்டில் பெயர் இருந்தும் காப்பீட்டில் விடுபட்டிருந்தால், கலெக்டர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்கு ரேஷன் கார்டு, ஆதார் இரண்டையும் எடுத்துப் போய்ச் சேருங்கள். போகும் முன் இரண்டிலும் பெயரின் எழுத்துகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் 'சண்முகம்', மற்றதில் 'சன்முகம்' என்றிருந்தாலே திருப்பி அனுப்புகிற மகானுபாவர்கள் உண்டு.

அடுத்த பொறி மருத்துவமனைக்கு உள்ளேயே இருக்கிறது. 'காப்பீட்டுத் திட்டம் உண்டு' என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். எலும்பு முறிவுக்கு மட்டும் அனுமதி வாங்கியிருப்பார்கள். 'இதய அறுவை சிகிச்சைக்கு இங்கே அனுமதி உண்டா?' என்று காப்பீட்டு கவுன்டரில் நேரடியாகக் கேளுங்கள். 'முதலில் பணம் கட்டி அட்மிட் ஆகுங்கள், பிறகு கார்டில் மாற்றிக்கொள்ளலாம்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் திட்டமல்ல இது. எக்கோ (இதய ஸ்கேன்) உள்ளிட்ட அறிக்கைகளை மருத்துவமனைதான் ஆன்லைனில் அனுப்பி முன் அனுமதி வாங்க வேண்டும். அது வந்த பிறகு வால்வு, மருந்து, டாக்டர் கட்டணம், படுக்கை எல்லாம் அனுமதித்த தொகைக்குள் அடக்கம். 'நல்ல கம்பெனி வால்வு வேண்டுமென்றால் தனியாகக் கொடுங்கள்' என்று கேட்டால் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். அங்கே கார்டு கேட்டால் பயப்பட வேண்டாம். காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்கே வந்து சேரும் என்பதால் கேட்கிறார்கள்.

யார் இழுத்தடித்தாலும் 1800 425 3993 கட்டணமில்லா எண்ணில் புகார் பதியுங்கள். 14555 மத்திய அரசின் ஆயுஷ்மான் எண். உங்களுக்கு முதலில் கூப்பிட வேண்டியது மாநில எண்தான். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் போனை வைக்காதீர்கள்.